இறக்கைக்குள் ஓடும் காற்றுக்குழாய்: ஒரு சிறு விமானம் தன் வேகத்தை அறிவது எப்படி?

சிறு விமானம் ஒன்றின் இறக்கைக்குள் பென்சில் பருமனில் ஒரு குழாய் போகிறது. அதற்குள் பெற்றோல் ஓடுவதில்லை, ஒயில் ஓடுவதில்லை. உள்ளே இருப்பது வெறும் காற்று. அந்தக் காற்றும் ஓடுவதில்லை; ஒரு முனையில் பட்ட அழுத்தத்தை மறுமுனைக்குக் கொண்டுசேர்த்தபடி அசையாமல் நிற்கிறது. விமானி முன்னாலுள்ள மானியில் தன் வேகத்தைப் பார்ப்பது அந்த அழுத்தத்தைக் கொண்டுதான். குழாய் எங்காவது கசிந்தாலோ அடைபட்டாலோ மானி நின்றுவிடாது, சத்தம் போடாது. வழக்கம்போல ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த எண் பொய்யாக இருக்கும்.

நான் கிளிநொச்சியில் நீர்ப்பம்பிகளும் உழவு இயந்திரங்களும் திருத்தும் கராச் ஒன்றில் வேலை செய்பவன். கடந்த கோடையில் கனடா போயிருந்தபோது, என் மனைவியின் தம்பி தன் வீட்டுக் கராச்சில் இரண்டு பேர் இருக்கும் அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இறக்கையின் கீழ்த்தகடு இன்னும் பூட்டப்படவில்லை. "அத்தான், குழாய் வேலை உங்கட வேலைதானே, ஒருக்கால் கைபோடுங்கோ" என்றார். அங்கே நின்ற நாட்களில் அந்தக் குழாயோடு நான் செய்ததையும், கட்டுநர்களின் கையேடுகளிலிருந்தும் பரிசோதகர்களிடமிருந்தும் அறிந்ததையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், கைத்தொழில் பழகும் இளையோருக்கும் உதவும் என்பது என் எண்ணம்.

வீட்டில் கட்டும் விமானம் என்றால் என்ன?

வன்னியில் சிறு விமானம் என்றதும் பலருக்கு நினைவு வருவது 2007ஆம் ஆண்டில் புலிகள் பறக்கவிட்ட விமானங்கள். அவை செக் நாட்டுத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட சிலின் 143 வகை. வீட்டில் கட்டப்பட்டவை அல்ல. நான் இங்கே சொல்வது வேறு வகை. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளில், ஒரு தனி மனிதர் தன் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் விமானத்தின் பெரும்பகுதியைத் தானே கட்டினால், அதைப் பதிவுசெய்து பறக்கச் சட்டம் இடம் தருகிறது. தகடுகளும் சட்டங்களும் பொதியாக வரும். துளையிடுவது, ஆணி அடிப்பது, வயர் இழுப்பது, குழாய் போடுவது எல்லாம் கட்டுபவரின் வேலை. பல வருடம் எடுக்கும்.

இது வெள்ளையருக்கு மட்டும் உரிய வேலையும் அல்ல. கேரளத்தில் பிறந்து பிரித்தானியாவில் வேலை செய்யும் அசோக் அலிசெரில் என்ற பொறியியலாளர், கொரோனா முடக்கக் காலத்தில் நான்கு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி 2022இல் குடும்பத்தோடு பறந்தார். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி தன் குடும்பம் வாழும் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே விமானம் கட்டினார்.

இலங்கையிலும் ஒருவர் இருந்தார். அவரை நேரில் தெரியாவிட்டாலும் அவருடைய கைவேலையை வன்னியில் தெரியாதவர் இல்லை. நாங்கள் லான்ட்மாஸ்ரர் என்று சொல்லும் இருசக்கர உழவு இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் றே விஜேவர்த்தன. இங்கிலாந்தில் அதைத் தயாரித்து விற்ற நிறுவனத்தின் பெயர்தான் இயந்திரத்துக்கே பெயராகி எங்கள் வாயில் நின்றுவிட்டது. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர், பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். தானே கட்டிய இலகு விமானங்களில் பறந்தவரும் அவரே. 2010இல் காலமானார். இடப்பெயர்வில் எங்கள் சட்டி பானைகளையும் வயோதிபர்களையும் ஏற்றிக்கொண்டு போன அந்த இயந்திரம், விமானம் கட்டிய ஒருவரின் மூளையில் பிறந்தது.

ஊருக்குத் திரும்பி வந்தபின், பாதி கட்டிய விமானத்தின் படத்தைக் கைபேசியில் அயலவர்களுக்குக் காட்டினேன். பக்கத்து வளவு ஆச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உதில குண்டு எந்தப் பக்கத்தால விழும்?" என்று கேட்டா. "உதில ரெண்டு பேர் இருந்து போகத்தான் இடம் ஆச்சி" என்றேன். "அப்ப இரைச்சல் கேட்டா ஓடத் தேவையில்லை" என்றா. பொம்மர், சகடை, கிபிர், வண்டு என்று சத்தத்தை வைத்தே விமானத்துக்குப் பெயர் வைத்த சனம் நாங்கள். எந்தச் சத்தத்துக்கு எத்தனை வினாடியில் பங்கருக்குள் இறங்கவேண்டும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது. விமானம் எப்படிப் பறக்கிறது, தன் வேகத்தை எப்படி அறிகிறது என்று கேட்க அப்போது யாருக்கும் பொழுது இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு இப்போது வருவோம்.

இரண்டு அழுத்தங்கள்

1732இல் ஹென்றி பிற்றோ என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் பாரிசில் சேன் ஆற்றின் நீரோட்டத்தை அளக்க ஒரு வழி கண்டார். கண்ணாடிக் குழாய் ஒன்றின் கீழ்முனையை வளைத்து, வாய் நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி ஆற்றில் நிறுத்தினார். ஓடிவரும் நீர் குழாயின் வாயில் மோதி, குழாய்க்குள் ஆற்றின் மட்டத்தைவிட உயர்ந்து நின்றது. ஓட்டம் எவ்வளவு வேகமோ, உயர்வும் அதற்கேற்ப இருந்தது.

இரணைமடு வாய்க்காலில் இதை நீங்களும் செய்யலாம். நீர் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடினால், வளைந்த குழாய்க்குள் நீர் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் உயரும். 2 மீற்றர் வேகமென்றால் 20 சென்ரிமீற்றர். வேகம் இரட்டித்தால் உயர்வு நான்கு மடங்கு.

விமானத்தில் நீருக்குப் பதில் காற்று. முன்னோக்கி வாய்திறந்து நிற்கும் பிற்றோ குழாயில் காற்று மோதி அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஆனால் அந்த அழுத்தத்துக்குள் சுற்றியிருக்கும் வளியின் சாதாரண அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால்தான் வேகம் தெரியும். இதற்காக, காற்று மோதாமல் உரசிச் செல்லும் ஓரிடத்தில், பெரும்பாலும் உடற்பகுதியின் இரு பக்கங்களிலும், சிறு துளைகள் வைத்து நிலையழுத்தத்தை எடுக்கிறார்கள். வேகமானி இந்த இரண்டின் வித்தியாசத்தைக் காட்டுகிறது. உயரமானியும் ஏற்ற இறக்க மானியும் நிலையழுத்தத்தை மட்டும் பார்க்கின்றன.

வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதைக் கவனியுங்கள். கடல்மட்டத்துக்கு அண்மையில் 100 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கிலோமீற்றரில், பிற்றோ குழாய் தரும் மேலதிக அழுத்தம் 165 மில்லிமீற்றர் உயர நீர்நிரலின் அழுத்தந்தான். இறங்கும்போது 50 நொட் அளவில் அது 41 மில்லிமீற்றர். இரண்டு உயிர்களுக்குப் பொறுப்பான செய்தி முழுவதும் நாலு சென்ரிமீற்றர் தண்ணீரின் கனம். இதைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோவதே குழாயின் வேலை.

ஏன் இறக்கை வழியாக?

ஒற்றை எஞ்சின் விமானத்தில் முன்னால் காற்றாடி சுழல்கிறது. அதற்குப் பின்னால் வரும் காற்று முறுகிக் குழம்பியது. அங்கே பிற்றோ குழாயை வைத்தால் விமானத்தின் வேகத்தை அல்ல, காற்றாடி தள்ளும் காற்றையே அளப்பீர்கள். அதனால் குழாயைக் காற்றாடியின் வீச்சுக்கு வெளியே, இறக்கையின் கீழ் நன்றாகத் தள்ளி வைக்கிறார்கள். மானியோ விமானியின் முன்னால். இடையிலுள்ள தூரத்தை இறக்கைக்குள்ளாலேயே கடக்கவேண்டும்.

சில வடிவமைப்புகளில் நிலையழுத்தத்தையும் அதே குழாய்த் தலையிலிருந்து எடுப்பார்கள். அப்போது இரண்டு குழாய். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை அறியும் துளையும் சேர்ந்த புதிய வகைத் தலை என்றால் இன்னொன்றும் கூடும்.

பாதையைத் தெரிவுசெய்தல்

இறக்கையின் உள்ளே நீளவாக்கில் ஸ்பார் என்ற முதுகுச்சட்டம் ஓடுகிறது. அதற்குக் குறுக்கே விலா எலும்புகள் போல வரிசையாகச் சட்டங்கள். குழாய் போகவேண்டியது இந்த விலாச்சட்டங்களைத் துளைத்து.

முதல் விதி: துளை எங்கே இடலாம் என்பதை வடிவமைத்தவர் சொல்லவேண்டும், நாங்கள் அல்ல. விலாச்சட்டத்தின் நடுப்பகுதியில் எடை குறைக்க ஏற்கெனவே ஓட்டைகள் இருக்கும். அவற்றை அல்லது வரைபடம் அனுமதிக்கும் இடத்தைப் பயன்படுத்தலாம். முதுகுச்சட்டத்தின் மேல் கீழ் விளிம்புகளே இறக்கையின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. அங்கே ஒரு சிறு துளைகூட இடக்கூடாது.

இரண்டாவது: ஒவ்வொரு துளையிலும் றப்பர் அல்லது பிளாஸ்ரிக் வளையம் வேண்டும். எஞ்சின் அதிர்வில் தகட்டின் விளிம்பு வாள் போல வேலை செய்யும். லான்ட்மாஸ்ரரில் டீசல் குழாய் சட்டத்தில் உரசி ஓட்டையாவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது: அசையும் உறுப்புகளிலிருந்து விலகவேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் அய்லரோன் மடல் உண்டு. அதை அசைக்கும் தண்டும் மடக்குக் கையும் இறக்கைக்குள்ளேதான் இயங்குகின்றன. மடலை இரு எல்லைகளுக்கும் முழுதாக அசைத்துப் பார்த்து, குழாய் எந்த நிலையிலும் தொடாது என்று உறுதிசெய்யவேண்டும். குழாய் தளர்ந்து தொங்கி தண்டில் சிக்கினால், வேகமானி பிழைப்பது சின்ன விடயம். விமானத்தைத் திருப்பவே முடியாமல் போகும்.

நான்காவது: தொய்வு இருக்கக்கூடாது. மழையும் பனியும் பிற்றோ வாய்க்குள் போகும். குழாயில் பள்ளம் இருந்தால் நீர் அங்கே தேங்கும். தேங்கிய நீரின் இரு மட்டங்களுக்கும் இடையே 1 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தாலே, 50 நொட் வேகத்தில் மானி ஆறேழு நொட் பிழைக்கும். ஆகவே குழாய் ஒரே சீரான சரிவில் போகவேண்டும். தவிர்க்கமுடியாத மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்க ஒரு திறப்பு வைக்கவேண்டும், அதைக் கை எட்டவும் வேண்டும்.

குழாயும் இணைப்புகளும்

வழக்கமாகப் பயன்படுவது கால் அங்குல விட்டமுள்ள மென்மையான அலுமினியக் குழாய், அல்லது அதே அளவு பிளாஸ்ரிக் குழாய். பிளாஸ்ரிக் இலகு, அழுத்திச் செருகும் இணைப்புகளோடு விரைவாக முடிந்துவிடும். ஆனால் பனி பிடிக்காமலிருக்கப் பிற்றோ தலையை மின்சாரத்தால் சூடாக்குவதானால், தலையை ஒட்டிய பகுதி உலோகக் குழாயாகவே இருக்கவேண்டும். பிளாஸ்ரிக் உருகிவிடும்.

அலுமினியக் குழாயை முழங்காலில் வைத்து வளைக்கக்கூடாது. வளைக்கும் கருவி உண்டு. வளைவின் ஆரை குழாய் விட்டத்தின் மும்மடங்காவது இருப்பது நல்லது. வெட்டிய முனையின் பிசிறை எடுத்து, உள்ளே விழுந்த அலுமினியத் தூளை ஊதி வெளியேற்றவேண்டும். இதை மானி பூட்டுவதற்கு முன் செய்யவேண்டும். மானியோடு சேர்த்து ஊதினால் அதற்குள் இருக்கும் மெல்லிய உலோகச் சவ்வு கிழியும்.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் கழற்றக்கூடிய இணைப்பு வேண்டும், ஏனெனில் இறக்கையை ஒருநாள் கழற்றவேண்டி வரும். அங்கே கொஞ்சம் மேலதிக நீளம் விடவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட குழாய் இருந்தால் இரு முனையிலும் அடையாளம் ஒட்டவேண்டும். மாறிப் பூட்டினால் வேகமானியின் முள் பின்னோக்கிப் போகப் பார்க்கும்.

மூடுமுன் சோதனை

கனடாவில் இப்படிக் கட்டும் விமானத்தின் இறக்கையை மூடுவதற்கு முன் பரிசோதகர் வந்து உள்ளே பார்க்கவேண்டும் என்பது விதி. அவர் வருமுன் கட்டுநர் தானே கசிவுச் சோதனை செய்துவிடுவது வழக்கம். தேவையானவை ஒரு மருந்தேற்றும் சிறிஞ்ச், ஒரு துண்டு மென்றப்பர் குழாய், ஒரு கவ்வி.

பிற்றோ பக்கம்: தலையின் வடிதுளையை மூடி, றப்பர் குழாயை வாயில் மாட்டி, வேகமானி 150 நொட் காட்டும்வரை சிறிஞ்சை மிக மெதுவாக அமுக்குங்கள். கவ்வியால் நெரித்துவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் முள் 10 நொட்டுக்கு மேல் இறங்கக்கூடாது.

நிலையழுத்தப் பக்கம்: இங்கே அமுக்கக்கூடாது, இழுக்கவேண்டும். உயரமானி 1000 அடி கூடும்வரை மெதுவாகக் காற்றை இழுத்து நெரியுங்கள். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் குறையக்கூடாது. விடும்போதும் மெதுவாக விடவேண்டும்.

இந்த எல்லைகள் அமெரிக்க விமானப் பராமரிப்பு ஆவணங்களில் உள்ளவை. வாயால் ஊதுவதும் கொம்பிரசரை மாட்டுவதும் மானியைக் கொல்லும் வேலை. சோதனை முடிந்ததும், துளைகளை மூட ஒட்டிய ஒவ்வொரு ரேப்பையும் எண்ணிக் கழற்றவேண்டும். ஏன் எண்ணவேண்டும் என்பதற்கு அடுத்த பகுதியில் பதில் இருக்கிறது.

பொய் சொல்லும் மானி

1996 பெப்ரவரி 6ஆம் திகதி டொமினிக்கன் குடியரசின் புவேர்த்தோ பிளாற்றாவிலிருந்து கிளம்பிய போயிங் 757 கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். கப்டனின் பிற்றோ குழாய் அடைபட்டிருந்தது. மண்கூடு கட்டும் குளவியே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். குழாய்க்குள் சிறைப்பட்ட அழுத்தம் மாறாமல் இருக்க, விமானம் ஏற ஏற வெளியழுத்தம் குறைந்தது. வித்தியாசம் கூடியதால் மானி வேகம் கூடுவதாகக் காட்டியது. உண்மையில் விமானம் வேகத்தை இழந்துகொண்டிருந்தது.

அதே ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் திகதி பெரு நாட்டின் லீமாவிலிருந்து கிளம்பிய இன்னொரு போயிங் 757இல், விமானத்தைத் துப்புரவாக்கியபோது நிலையழுத்தத் துளைகளில் ஒட்டிய ரேப் கழற்றப்படாமல் இருந்தது. இருட்டில், கடலுக்கு மேல், உயரமும் வேகமும் தெரியாமல் 70 பேர் இறந்தார்கள். 2009 யூன் 1ஆம் திகதி அத்திலாந்திக்கில் விழுந்த எயார் பிரான்ஸ் 447இல் பிற்றோ குழாய்களைப் பனி அடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரந்தான். தானியங்கி விலகி, விமானிகள் குழம்பி, ஐந்து நிமிடத்துக்குள் 228 பேரின் கதை முடிந்தது.

குளவியை இலேசாக எண்ணவேண்டாம். 2013 நவம்பரில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் நின்ற ஒரு பயணிகள் விமானத்தின் பிற்றோ குழாயை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் குளவி மண்ணால் அடைத்துவிட்டது. வன்னியிலும் ஒரு வாரம் ஓடாத நீர்ப்பம்பியின் புகைக்குழாய்க்குள் குளவிக்கூட்டைக் காண்கிறோம். தரையில் நிற்கும் விமானத்தின் பிற்றோ தலைக்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை போடுவது இதற்காகவே. பறக்குமுன் அதைக் கழற்றுவது இன்னொரு கடமை.

கசிவின் பொய் வேறு விதம். பிற்றோ குழாய் கசிந்தால் மானி குறைவாகக் காட்டும். நிலையழுத்தக் குழாய் விமானியறைக்குள் கசிந்தால், பறக்கும்போது அறையின் அழுத்தம் வெளியைவிடப் பெரும்பாலும் சற்றுக் குறைவாக இருப்பதால், வேகமும் உயரமும் கூடுதலாகத் தெரியும். இது அதிக ஆபத்து. போதிய வேகம் இருக்கிறது என்று நம்பி விமானி இன்னும் வேகத்தைக் குறைப்பார்.

பிள்ளைகள் செய்து பார்க்க

விமானம் இல்லாமலே கசிவுச் சோதனையைப் பழகலாம். பழைய சேலைன் குழாயில் ஒரு மீற்றர் எடுத்து, ஒரு பலகையில் 'ப' எழுத்தைப்போல வளைத்துக் கட்டுங்கள். நிறம் கலந்த நீரைப் பாதி உயரத்துக்கு விடுங்கள். ஒரு முனையில் சிறிஞ்சை மாட்டி, இரு பக்க நீர்மட்டமும் 41 மில்லிமீற்றர் வேறுபடும்வரை அமுக்குங்கள். இது 50 நொட் வேகம். சேலைன் குழாயின் உருளைக் கவ்வியால் நெரித்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். நீர் அசையாவிட்டால் குழாய் நல்லது. பிறகு சிறிஞ்சுக்கும் நீருக்கும் இடையே, கவ்விக்கு அப்பால், குண்டூசியால் ஒரு துளை குத்திவிட்டுத் திரும்பவும் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளையால் மட்டம் இறங்குவதைக் கண்ணால் காண்பீர்கள்.

மீள்குடியேறிய வீடுகளுக்குச் சுவருக்குள் வயர்க்குழாய் போடுபவரும், நிலத்துக்கடியில் குடிநீர்க் குழாய் புதைப்பவரும் இதே முறையைக் கைக்கொள்ளலாம். பூசுவதற்கு முன் இழுத்துப் பாருங்கள். மண் மூடுவதற்கு முன் அழுத்தம் கொடுத்து ஒரு நிமிடமாவது நிறுத்திப் பாருங்கள். மூடியபின் அந்த வேலையை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. அதை நம்பி இருப்பவர் பிழையைக் கண்டுகொள்ளும்போது நேரம் கடந்திருக்கும்.